'டிங் டிங் டுய்ங்!' - பழைய வீடியோ கேம் மியூசிக்கை இன்னமும் எதுக்கு கம்போஸ் பண்றாங்க?

ராத்திரி பத்து மணிக்கு எங்க தெருவுல யாராவது கார் ரிவர்ஸ் எடுத்தா, தெரு முழுக்கக் கச்சேரிதான். மூக்கால பாடுற மாதிரி 'பீ... பீபீ... பீ'ன்னு ஒரு மெட்டு. நீங்க எந்த ஊரா இருந்தாலும் இதைக் கேட்டிருப்பீங்க. காலிங் பெல்லுல, திறந்தா பாடுற பிறந்தநாள் வாழ்த்து அட்டையில, திருவிழா கடையில விக்கிற பொம்மை போன்ல... எல்லாத்துலயும் இதே குரல்தான். சின்னசேலத்துல வளர்ந்த எனக்கு இந்தக் குரல் முதல்ல அறிமுகமானது டிவியில. பெரியம்மா வீட்டு டிவிக்குப் பின்னாடி மஞ்சள் வயரைச் சொருகி, கேசட்டை எடுத்து 'ஃபூ'ன்னு ஊதி, உள்ளே தள்ளினதும் வர்ற அந்த மாரியோ மியூசிக்!

அந்த மியூசிக்கை இப்பவும் புதுசு புதுசா உருவாக்கிட்டு இருக்காங்க. கேம் கம்பெனியில சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்க ஒரு பக்கம் இருக்கட்டும். பகல்ல ஆபீஸ், காலேஜ்னு போய்ட்டு, ராத்திரி உட்கார்ந்து ஒத்தைக் காசு வராத வேலையா இதைச் செய்றவங்க உலகம் முழுக்க இருக்காங்க. இதுக்குப் பேர் சிப்டியூன். 'ஏங்க, ஒரு ஆப்ல ரெண்டு வரி டைப் பண்ணினா முழுப் பாட்டே வந்து விழுற காலத்துல, எதுக்கு இந்த வேலை?'ன்னு கேட்கத் தோணுதா? எனக்கும் தோணுச்சு. தேடிப் போனேன். போன இடத்துல நானும் மாட்டிக்கிட்டேன். அதைக் கடைசியில சொல்றேன்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருது?

ரொம்ப எளிமையான விஷயம். ஒரு கரன்ட் இணைப்பை நொடிக்கு 440 தடவை போட்டுப் போட்டு அணைச்சா, ஸ்பீக்கர்ல ஒரு சுரம் கேட்கும். 880 தடவை செஞ்சா அதே சுரம் ஒரு ஸ்தாயி மேல கேட்கும். சுவிட்சைப் போட்டு அணைக்கிற வேலைதான் அந்தக் காலத்து சிப்புக்கு. வயலின் பதிவும் கிடையாது, பாடகர் குரலும் கிடையாது. எந்தச் சுரத்தை எப்ப, எவ்வளவு நேரம் வாசிக்கணும்னு எண்களா எழுதி வெச்சிருப்பாங்க. சிப் அதைப் படிச்சு அந்தந்த நொடியில வாசிக்கும்.

காலிங் பெல்லுக்குள்ள இருக்கிற சமாச்சாரமும் கிட்டத்தட்ட இதேதான். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில 'யுஎம் 66'னு கேட்டுப் பாருங்க. மூணு கால் வெச்ச, டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கிற குட்டி ஐசி. அதுக்குள்ள 64 சுரம் வரைக்கும் அடைச்சு வெச்சிருப்பாங்க. ஒரு பட்டன் செல்லும் ஒரு ஸ்பீக்கரும் போதும், பாட ஆரம்பிச்சுடும். பள்ளிக்கூட சயின்ஸ் எக்ஸிபிஷன்ல இதை வெச்சு 'கண்டுபிடிப்பு' காட்டினவங்க கையைத் தூக்குங்க!

வீடியோ கேம்ல இது இன்னும் கொஞ்சம் பெருசு. 1978-ல வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேம்ல இசைன்னு பார்த்தா நாலே நாலு சுரம்தான். மேலிருந்து கீழே இறங்கி, திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் நெருங்க நெருங்க அந்த நாலு சுரமும் வேகமாகும். விளையாடுறவன் நெஞ்சு அடிச்சுக்கும். நாலு சுரத்துல அதைச் சாதிச்சுட்டாங்க.

1983-ல ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபாமிகாம்' செட்டுல சத்தத்துக்கு அஞ்சு சேனல் இருந்துச்சு. இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர் கல்யாண மேளத்தை நினைச்சுக்கோங்க. ரெண்டு நாதஸ்வரம், ஒரு ஒத்து, ஒரு தவில், ஒரு தாளம். அதே கணக்குதான். ரெண்டு 'பல்ஸ்' சேனல் மெட்டை வாசிக்கும். ஒண்ணு முதல் நாதஸ்வரம், இன்னொண்ணு கூட வாசிக்கிறவர். 'முக்கோண அலை' சேனல் கீழே நின்னு தாங்கும். இதுல ஒத்து மாதிரி ஒரு குணம் இருக்கு. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இருந்தா இருக்கும், இல்லைன்னா இல்லை. நாலாவது 'இரைச்சல்' சேனல். அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தைத் துண்டு துண்டா நறுக்கித்தான் தாளம் போடுவாங்க. அஞ்சாவதுல மட்டும் ரொம்பக் குட்டியான பதிவு செஞ்ச சத்தம் ஒண்ணு ரெண்டு வைக்கலாம். ஒரு தவில் தட்டு மாதிரி.

இந்த அஞ்சுக்குள்ளதான் கோஜி கோண்டோ 1985-ல 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இசையைப் போட்டார். கேம் மொத்தமுமே 40 கேபி. காலையில ஃபேமிலி குரூப்ல வர்ற 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படம் பல நேரம் இதைவிடப் பெருசு. இடம் பத்தாமத்தான் மெட்டுகள் சின்னதா இருக்கும், ஒன்றரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சு மறுபடி முதல்ல இருந்து வரும். நூறு தடவை கேட்டாலும் சலிக்கக் கூடாது. யோசிச்சா எவ்வளவு கஷ்டமான வேலை! 2023-ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் இந்த மாரியோ மெட்டைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடிச்ச முதல் வீடியோ கேம் இசை இதுதான்.

நாம கேட்டது நகல் மாரியோ

இங்கே ஒரு குட்டி வரலாறு. ஒரிஜினல் நின்டெண்டோ செட்டை நம்ம ஊர்ப் பக்கம் கிட்டத்தட்ட யாருமே பார்த்திருக்க மாட்டாங்க. தொண்ணூறுகள்லயும் ரெண்டாயிரத்துலயும் நம்ம வீடுகளுக்கு வந்ததெல்லாம் அதோட நகல் செட்டுகள். கேசட் மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும். உள்ளே போனா இருபது முப்பது கேம்தான் வேற வேற பேர்ல திரும்பத் திரும்ப வரும். மாரியோ, காண்ட்ரா, வாத்து சுடுறது. அதுபோக ஒரு டாங்கி கேம். அவ்வளவுதான் நம்ம உலகம். பெரியம்மா வீட்டு அண்ணன் கன்ட்ரோலரைக் கையில குடுக்க மாட்டான். பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்ததால, எனக்கு விளையாட்டைவிட பாட்டுதான் மனப்பாடம்.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அந்த நகல் சிப்புகள் பலதுல ஒரு தப்பு இருந்துச்சு. பல்ஸ் சேனலுக்கு நாலு விதமான குரல் உண்டு. சுவிட்ச் எவ்வளவு நேரம் 'ஆன்'ல இருக்குங்கிறதைப் பொறுத்து 12.5 சதவீதம், 25, 50, 75. சதவீதம் குறைஞ்சா மூக்குக் குரல், 50-ல கொஞ்சம் வெறுமையான, குழாய்க்குள்ள பேசுற மாதிரியான குரல். பல நகல் சிப்புல 25-ம் 50-ம் இடம் மாறியிருக்கும். ஆக, ஜப்பான் பையன் கேட்ட மாரியோ பாட்டும் சின்னசேலத்துல நான் கேட்ட மாரியோ பாட்டும் ஒரே மெட்டுதான், ஆனா குரல் வேற. இதனாலதான் பிற்பாடு கம்ப்யூட்டர்ல ஒரிஜினலைக் கேட்கும்போது 'என்னமோ குறையுதே'ன்னு சிலருக்குத் தோணும். பழைய கேம்களை ஓட்டுற எமுலேட்டர்கள்ல, நகல் செட்டு மாதிரியே அந்தக் குரல்களை மாத்திவிடுறதுக்குன்னு தனி செட்டிங்கே வெச்சிருக்காங்கன்னா பார்த்துக்கோங்க. தப்பாக் கேட்டதும் நம்ம ஞாபகம்தானே!

ஆக, இசை போடுறவங்களோட முதல் காரணம் எல்லோரும் ஊகிக்கிறதுதான். பழைய நினைப்பு. ஆனா அதோட நிறுத்திட முடியாது. கேசட்டை ஊதியே பார்க்காத, 2005-க்கு அப்புறம் பிறந்த பிள்ளைங்களும் இதைப் போடுறாங்க. அவங்களுக்கு எந்தப் பெரியம்மா வீடு ஞாபகம் வருது?

சித்தப்பாவின் டைரி

அவங்களைப் புரிஞ்சுக்க எனக்கு எங்க சித்தப்பாவோட டைரி உதவிச்சு. 2000-ல வந்த நோக்கியா 3310-ஐ உங்க வீட்டுல யாராவது வெச்சிருந்திருப்பாங்க. அதுல 'கம்போஸர்'னு ஒரு மெனு உண்டு. அதிகபட்சம் 50 சுரம் வரைக்கும் நீங்களே டைப் பண்ணி ரிங்டோன் செய்யலாம். 1-ல இருந்து 7 வரைக்கும் உள்ள பட்டன்கள் ஏழு சுரம். ஆமாங்க, ச ரி க ம ப த நி! 8-ஐ அமுக்கினா சுரத்தோட நீளம் குறையும், 9-ஐ அமுக்கினா கூடும். 0 மௌனம். நட்சத்திரம் ஸ்தாயி மாத்தும், ஹாஷ் அரைச் சுரம் ஏத்தும்.

சித்தப்பா சங்கீதம் கத்துக்கிட்டவர் கிடையாது. கரும்பு லோடு ஏத்துற லாரிக்குக் கணக்கு எழுதிட்டு இருந்தவர். அவர் டைரியில டீசல் கணக்குக்கு நடுவுல பக்கம் பக்கமா எண்கள் இருக்கும். சின்ன வயசுல அது ஏதோ லாட்டரி நம்பர்னு நினைச்சேன். எல்லாம் இளையராஜா, ரஹ்மான் பாட்டுகள். யார்கிட்டயோ கேட்டு எழுதினது கொஞ்சம். காதால கேட்டு, பட்டனை அமுக்கி, தப்பாகி, அடிச்சு, திருத்தி அவரே கண்டுபிடிச்சது மிச்சம். பக்கத்துல சின்னதா ஒரு டிக் போட்டிருப்பார். சரியா வந்துடுச்சுன்னு அர்த்தம்.

சிப்டியூன்னு ஒரு வார்த்தை இருக்கிறதே அவருக்குத் தெரியாது. ஆனா அவர் செஞ்சது அதையேதான். ஒரே சேனல், 50 சுரம். அதுக்குள்ள ஒரு பல்லவியை அடக்கணும்னா எதை விடணும், எதை வெச்சா கேட்கிறவனுக்குப் பாட்டு எதுன்னு பிடிபடும்னு முடிவு பண்ணணும். இசையமைப்பாளர் வேலையில முக்கால்வாசி இதுதானே?

நீங்களும் பழைய போன் கிடைச்சா முயற்சி பண்ணிப் பாருங்க. 1, 2, 3, 5, 6 - இந்த அஞ்சை மட்டும் எந்த வரிசையில வாசிச்சாலும் மோகன ராகத்தோட சுரங்கள்தான். 6-க்குப் பதிலா 7 போட்டா ஹம்சத்வனி. ஏழையும் வாசிச்சா சங்கராபரணம். அரைச் சுர பட்டனைத் தொடவே வேணாம்.

குறைவா இருந்தாத்தான் வேலை நடக்கும்

இப்ப ஒரு லேப்டாப்ல மியூசிக் சாஃப்ட்வேர் ஒண்ணைத் திறந்தா ஆயிரக்கணக்குல இசைக் கருவிகள். பியானோவுலயே முப்பது வகை. எதை எடுக்கிறதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மணி பன்னெண்டு ஆயிடும். ஒரு சுரம்கூடப் போட்டிருக்க மாட்டோம். ஓ.டி.டி-யில என்ன படம் பார்க்கிறதுன்னு தேடியே தூங்கிப் போறோமே, அந்த நிலைமை.

சிப்டியூன்ல அந்தப் பிரச்சினையே இல்லை. மொத்தம் நாலஞ்சு சேனல். குரலும் நாலஞ்சுதான். மிச்சமிருக்கிற ஒரே வேலை மெட்டு போடுறது. பொழுதுபோக்குக்கு இசை போடுறவங்களுக்கு ஒரு நாள்ல கிடைக்கிறது ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள ஒண்ணைத் தொடங்கி முடிக்க முடியுதுங்கிறது சாதாரண விஷயமில்லை. முடிச்ச பாட்டுதான் அடுத்த பாட்டைப் போட வைக்கும். என் கணிப்புல, பழைய நினைப்பைவிட இதுதான் பெரிய காரணம்.

ரெண்டாவது, செலவு. கீபோர்டு வாங்கணும், வகுப்புக்கு ஃபீஸ் கட்டணும், ஊர்ல வாத்தியார் இல்லைன்னா பஸ் ஏறிப் போகணும். எட்டாவது படிக்கும்போது வீட்டுல கீபோர்டு கேட்டேன். 'பன்னெண்டாவது முடி, பார்க்கலாம்'னாங்க. முடிச்சேன். யாரும் பார்க்கலை. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை, அந்த வருஷம் மரவள்ளிக் கிழங்குக்கு விலை இல்லை. சிப்டியூனுக்குத் தேவையான சாஃப்ட்வேர் பெரும்பாலும் இலவசம். சாதாரண கம்ப்யூட்டர் போதும். சிலதுக்குக் கையில இருக்கிற போனே போதும். சுரம் படிக்கத் தெரியணும்னுகூட இல்லை.

ஏமாத்துறதுலயும் ஒரு கலை

அடுத்த காரணத்தை இன்ஜினீயரிங் படிச்சவங்க சட்டுன்னு பிடிச்சுக்குவாங்க. இது ஒரு புதிர். சேனல் அஞ்சுதான், ஆனா கேட்கிறவனுக்குப் பத்து பேர் வாசிக்கிற மாதிரி இருக்கணும். எப்படி?

மூணு சுரம் சேர்ந்த ஒரு கார்டு வேணும், ஆனா சேனல் ஒண்ணுதான் மிச்சம்னு வைங்க. அந்த மூணு சுரத்தையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு நொடிக்கு 50, 60 தடவை மாறுற வேகத்துல வாசிச்சா, காது மூணும் சேர்ந்து ஒலிக்கிறதா நம்பிடும். பழைய கேம்கள்ல 'டுர்ர்ர்'னு நடுங்குற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது இந்த ஏமாத்து வேலைதான். எதிரொலி வேணுமா? அதே மெட்டை ரெண்டாவது சேனல்ல கொஞ்சம் தாமதமா, கொஞ்சம் மெதுவா வாசிச்சா ஆச்சு, கல்யாண மண்டப எஃபெக்ட்! முக்கோண அலையை மேலிருந்து கீழே சடார்னு இறக்கினா தவில் மாதிரி ஒரு 'தொம்'. பாட்டுக்கு நடுவுல மாரியோ குதிச்சான்னா, அந்தக் குதிக்கிற சத்தத்துக்காக ஒரு சேனல் பாட்டை விட்டுட்டுப் போயிடும். அது போனாலும் பாட்டு தள்ளாடாத மாதிரி எழுதணும். இதையெல்லாம் ஒவ்வொண்ணா கண்டுபிடிக்கும்போது வர்ற கிக் இருக்கே, சுடோகு போடுறவங்களைக் கேளுங்க.

இந்த இசையை எழுதுறதுக்கு 'டிராக்கர்'னு ஒருவகை சாஃப்ட்வேர். 1987-ல ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கம்ப்யூட்டருக்காகச் செஞ்ச 'அல்டிமேட் சவுண்ட் டிராக்கர்' இதுல முன்னோடி. திரையில மேலிருந்து கீழே எண்ணும் எழுத்துமா வரிசை வரிசையா ஓடும். பார்க்க சித்தப்பா டைரி மாதிரியேதான் இருக்கும். பிறகு நின்டெண்டோவோட 'கேம் பாய்' கையடக்கக் கருவியையே இசைக் கருவியா மாத்திட்டாங்க. 1998-ல ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ 'நானோலூப்' செஞ்சார். அடுத்து ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 'லிட்டில் சவுண்ட் டிஜே' கொண்டுவந்தார். ஃபாமிகாம் பாணிக்கு 2005-ல 'ஃபாமிடிராக்கர்' வந்துச்சு.

டிராக்கர் கோப்புகள்ல ஒரு நல்ல குணம் உண்டு. அடுத்தவர் போட்ட பாட்டைத் திறந்தா, ஒவ்வொரு சுரத்தையும் எப்படி வெச்சிருக்கார்னு அப்படியே பார்க்கலாம். சமையல்ல உட்கார்ந்து பக்கத்துல இருந்து பார்க்கிற மாதிரி. மசாலா ரகசியம்னு எதுவும் கிடையாது. வாத்தியார் இல்லாதவங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எது? இப்படிக் கம்ப்யூட்டரின் எல்லையைச் சோதிச்சுப் பார்த்து, ஒருத்தருக்கொருத்தர் போட்டிபோட்டு, ஒண்ணு கூடிக் கொண்டாடுற கூட்டத்துக்கு 'டெமோசீன்'னு பேர். பின்லாந்து 2020-லயும் ஜெர்மனி 2021-லயும் இதைத் தங்கள் நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கு. நம்ம ஊர்ல பாட்டி 'எந்நேரமும் கம்ப்யூட்டரா?'ன்னு திட்டுற விஷயத்தை அங்கே மரபுன்னு எழுதி வெச்சுட்டாங்க!

ராகம் வருமா?

கர்னாடக சங்கீதம் தெரிஞ்ச தோழி ஒருத்திகிட்ட இதைப் போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளிச்சா. 'சுரம் எல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கு. கமகம் எங்கே?'ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. நோக்கியாவுல கமகத்துக்கு வழியே இல்லை. மோகனம் ஓரளவு தேறும். தோடியை வாசிச்சா தோடி அழுதுடும்.

ஆனா டிராக்கர்ல வழி இருக்கு. ஃபாமிடிராக்கர்ல ஒவ்வொரு சுரத்துக்குப் பக்கத்துலயும் ஒரு கட்டளை எழுதலாம். 1-ல தொடங்குற கட்டளை சுரத்தை மேலே வழுக்கிக்கிட்டுப் போகும், 2 கீழே இறக்கும், 3 ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்கு ஜாருபோல இழுத்துட்டுப் போகும், 4 அசைக்கும். ஒரே ஒரு காந்தாரத்தை ஒழுங்கா அசைக்க நான் அரை மணி நேரம் எடுத்துக்கிட்டேன். தோழி இதையும் கேட்டுட்டு 'பரவாயில்லை'ன்னா. அவகிட்ட 'பரவாயில்லை' வாங்கினா முதல் வகுப்புல பாஸ் ஆனமாதிரி.

இயந்திரத்துல ராகம்னதும் இன்னொருத்தர் பேரைச் சொல்லாம போக முடியாது. சரண்ஜித் சிங். பம்பாயில சினிமா பாட்டுகளுக்கு வாசிச்சுக்கிட்டிருந்த இசைக் கலைஞர். 1982-ல ரோலண்ட் கம்பெனியோட மூணு இயந்திரங்களை மட்டும் வெச்சுக்கிட்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு இசைத்தட்டு போட்டார். அதுல டிபி 303-ங்கிற இயந்திரத்துக்கு ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போற குணம் உண்டு. ராகத்துக்கு அது தோதா அமைஞ்சது. அப்ப யாரும் கண்டுக்கலை. 2010-ல அது மறுவெளியீடு ஆனப்பதான் 'அமெரிக்காவுல ஆசிட் ஹவுஸ் இசை பிறக்கிறதுக்கு முன்னாடியே இங்கே ஒருத்தர் இப்படி வாசிச்சிருக்காரே!'ன்னு உலகம் திரும்பிப் பார்த்துச்சு. 2015-ல காலமானார். அவர் போட்டது வீடியோ கேம் இசை கிடையாது. ஆனா கையில கிடைச்ச மெஷினுக்குள்ள நம்ம ராகத்தை நுழைச்சுப் பார்க்கலாமேங்கிற அந்த அரிப்பு இருக்கே, அது ஒண்ணுதான்.

நம்ம சினிமாவுலயும் இதுக்குச் சொந்தக்காரங்க உண்டு. 1986-ல வந்த 'புன்னகை மன்னன்', கம்ப்யூட்டர் வெச்சு இசைக்கோப்பு செஞ்ச ஆரம்பகாலப் படங்கள்ல ஒண்ணாப் பேசப்படுது.

காசு வருமா?

நேரடியாச் சொல்லிடறேன், பெருசா வராது. சொந்தமா கேம் செய்ற சின்னச் சின்னக் குழுக்களுக்கு இசை போட்டுக் கொடுத்து மேலே வந்தவங்க இருக்காங்க. 2014-ல வந்த 'ஷவல் நைட்' கேமுக்கு ஜேக் காஃப்மேன் ஃபாமிடிராக்கர்லயேதான் இசை போட்டார். வட அயர்லாந்துப் பெண் சிப்செல், கேம் பாய் வெச்சு மேடையில வாசிக்கத் தொடங்கி, 2012-ல 'சூப்பர் ஹெக்ஸகன்' கேமுக்கு இசை கொடுத்தார். டோபி ஃபாக்ஸ் 2015-ல 'அண்டர்டேல்' கேமையும் அதன் இசையையும் தானே செஞ்சார். அந்தப் பாட்டுகளைக் கேட்டுட்டு டிராக்கர் பக்கம் வந்த பசங்க ஏராளம். கேசட் ஊதாத தலைமுறைக்குப் பெரியம்மா வீடு எதுன்னு கேட்டேனே, அதுக்குப் பதில் இதுதான். அவங்களோட பழைய நினைப்பே பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்த 'பழைய மாதிரி' கேம்தான்!

ஆனா இவங்களைப் பார்த்துட்டு வேலையை விட்டுடாதீங்க. இது விரல்விட்டு எண்ற கணக்கு. மத்தவங்க எல்லாம் கேரம் ஆடுற மாதிரி, கோலம் போடுற மாதிரி செய்றவங்க. ஒரு குறையும் சொல்லணும். யூடியூப்ல '8 பிட் வெர்ஷன்'னு கிடக்கிறதுல பாதி, ஏற்கெனவே இருக்கிற பாட்டோட மிடி கோப்பை எடுத்து, குரலை மட்டும் மாத்திவிட்டது. கேட்டா ரெண்டு நிமிஷத்துல தலைவலி வரும். சேனலுக்குத் தகுந்த மாதிரி உட்கார்ந்து மறுபடி எழுதினதுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம், அம்மிச் சட்னிக்கும் பாக்கெட் சட்னிக்கும் உள்ள வித்தியாசம்.

நீங்க ஆரம்பிக்கணும்னா...

போன்லயே ஆரம்பிக்கலாம். ஜான் நெஸ்கி உருவாக்கின 'பீப்பாக்ஸ்'னு ஒரு இணையதளம். இலவசம், அக்கவுன்ட் கேட்காது, பிரவுசர்லயே ஓடும். கட்டத்தைத் தொட்டா சுரம் விழும், இழுத்தா நீளும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. நீங்க போட்ட பாட்டு எந்த சர்வர்லயும் சேமிக்கப்படுறதில்லை. மொத்தப் பாட்டும் அந்தப் பக்கத்தோட லிங்க்லயே எழுத்துகளா மாறி உட்கார்ந்துக்கும். லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்பினா பாட்டையே அனுப்பின மாதிரி. பேப்பர்ல எழுதி வெச்சுக்கலாம், பொறுமை இருந்தா. (லிங்க்கைத் தொலைச்சா பாட்டும் போச்சு. ரெண்டு தடவை தொலைச்சவன் சொல்றேன், உங்களுக்கே அனுப்பி வெச்சுக்கோங்க.)

கொஞ்சம் பழகினதும் 'ஃபாமிஸ்டுடியோ' பக்கம் போகலாம். ஆண்ட்ராய்டுலயும் இருக்கு. நெட் இல்லாமலேயே ஓடும். கல்வராயன் மலைக்கு பஸ்ல போறப்ப டவர் போயிடுச்சேன்னு சும்மா உட்கார வேணாம். கம்ப்யூட்டர் இருந்தா 'ஃபர்னஸ்' டிராக்கர். பழைய சிப்புகள் ஏகப்பட்டது அதுல இருக்கு.

முதல் பாட்டுக்கு எட்டு பார் போதும். அஞ்சு சுர ராகம் ஒண்ணை எடுத்துக்கோங்க, தப்பு தெரியாது. முதல்ல கீழ்ச் சேனலைப் போடுங்க, பிறகு தாளம், கடைசியாத்தான் மெட்டு. எனக்கு இது தலைகீழாப் போய் மூணு நாள் வீணாச்சு. போன் ஸ்பீக்கர்ல கீழ்ச் சுரங்கள் சரியா கேட்காது, இயர்போன் போட்டுச் சரிபாருங்க. பக்கத்து சீட்டுக்காரருக்கும் நல்லது.

போன மாசம் எழும்பூர்ல இருந்து ஊருக்கு ராத்திரி ரயில். தூக்கம் வரலை. அப்பர் பெர்த்துல படுத்துக்கிட்டே பீப்பாக்ஸ்ல ஒண்ணு போட ஆரம்பிச்சேன். தண்டவாளச் சத்தம்தான் இரைச்சல் சேனல். விருத்தாசலம் தாண்டுறதுக்குள்ள எட்டு பார் வந்துடுச்சு. சின்னசேலத்துல இறங்கினதும் லிங்க்கைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். காலையில டீ குடிச்சுக்கிட்டே கேட்டார். ரெண்டாவது தடவையும் போட்டுக் கேட்டார். அப்புறம் சொன்னார், 'அஞ்சாவது இடத்துல ஒரு 6 தப்பா இருக்கு, 5 போடு.'

போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஒன்பதாவது பார் இன்னும் வரலை.